முழங்கால் வலியா, செயின் சத்தமா? ரோடு சைக்கிள் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிப்பது எப்படி

ரோடு சைக்கிளில் கோளாறு தெரியும் இடம் ஒன்று, காரணம் இருக்கும் இடம் வேறு. முழங்கால் வலிக்கும், தப்பு சீட் உயரத்தில் இருக்கும். காலுக்குக் கீழே டக் டக்கென்று கேட்கும், உராய்வது சீட்போஸ்ட்டாக இருக்கும். இரண்டு கை, இரண்டு கால், உட்காரும் இடம் என்று உடம்பு சைக்கிளை ஐந்தே இடங்களில் தொடுகிறது. அதில் ஒன்றைச் சில மில்லிமீட்டர் நகர்த்தினாலே மற்ற நான்கின் மேல் விழும் பாரமும் மாறிவிடும். வலி வந்த இடத்தையே தேய்த்துக்கொண்டும், சத்தம் கேட்ட பாகத்தையே கழற்றி மாற்றிக்கொண்டும் பலர் மாதக்கணக்கில் அலைவது இதனால்தான்.

ஆகவே எதிலும் கை வைப்பதற்கு முன்னால், இப்போதுள்ள அளவுகளை எழுதிவையுங்கள்: பெடல்களைத் தாங்கும் கிராங்க்கின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை, சீட் நுனியிலிருந்து ஹேண்டில்பார் வரை. சீட்டைத் தாங்கும் குழாயான சீட்போஸ்ட்டில் இப்போதைய உயரத்தைக் காட்டும்படி ஒரு டேப் சுற்றிவிடுங்கள். ஷூவைப் பெடலில் பூட்டும் கிளீட்டைச் சுற்றி ஷூ அடியில் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சீட்டையும் கிளீட்டையும் ஒரே நாளில் நகர்த்தி வலி போய்விட்டால், எது குணப்படுத்தியது என்று தெரியவே தெரியாது. வலி கூடினாலும் அதே கதைதான்.

முழங்கால் வலிக்கிறது

எந்தப் பக்கம் வலிக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

முன்பக்கம், சில்லைச் சுற்றி வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், அல்லது அளவுக்கு மீறி முன்னால் தள்ளியிருக்கலாம். பெடல் மேலே வரும்போது மூட்டு அதிகமாக மடங்குகிறது, மடங்கிய நிலையிலேயே அழுத்தவும் வேண்டியிருக்கிறது. முழங்காலுக்குப் பின்னால் இழுத்துப் பிடித்தால் நேர் எதிர்: சீட் உயரம் அதிகம். அதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. பின்னால் ஓட்டி வருபவரை உங்கள் இடுப்பைக் கவனிக்கச் சொல்லுங்கள். எட்டாத பெடலை எட்டிப் பிடிக்க இடுப்பு இடமும் வலமும் ஆடினால், சீட்டை இறக்க வேண்டும்.

உயரத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி குதிகால் சோதனை. சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடல் மேல் வைத்துப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக்கூடாது. பிறகு வழக்கம்போல முன்பாதத்தை வைத்தால் முழங்காலில் அளவான மடக்கு வந்துவிடும். கோணமானியால் அளக்கிறவர்கள் 25 முதல் 35 டிகிரி வரை மடக்கு இருந்தால் சரி என்பார்கள். இன்னொரு வழி, டூர் டி பிரான்ஸை 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் வென்ற கிரெக் லெமாண்டின் பெயரால் வழங்கும் கணக்கு: உள்கால் நீளத்தை, அதாவது கவட்டிலிருந்து தரை வரை உள்ள நீளத்தை, 0.883 ஆல் பெருக்க வேண்டும். உள்கால் 80 செ.மீ. என்றால் கிராங்க் மையத்திலிருந்து சீட் வரை சுமார் 70.6 செ.மீ. வரும். அந்தக் காலத்து ஷூவும் பெடலும் இன்றையதைவிடத் தடிமனானவை. அதனால் இதைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், முடிவாக வேண்டாம். எனக்குக் குதிகால் சோதனைமேல்தான் நம்பிக்கை அதிகம். அது சூத்திரத்தைக் கேட்பதில்லை, உங்கள் காலையே கேட்கிறது.

மாற்றுவது 3 மி.மீ., மிஞ்சினால் 5 மி.மீ. அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். சீட்டைப் பின்னுக்குத் தள்ளினால் பெடலுக்கான தூரமும் கூடும் என்பதை மறக்காதீர்கள். முன்பின் நகர்த்திய பிறகு உயரத்தை மறுபடியும் பார்க்க வேண்டும்.

வலி முழங்காலின் வெளிப்பக்கமோ உள்பக்கமோ என்றால், ஷூவின் அடியில் இருக்கும் கிளீட்டைப் பாருங்கள். ஒரு மேசை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தளரத் தொங்கவிட்டால், உங்கள் பாதம் இயல்பாக எந்தக் கோணத்தில் திரும்புகிறது என்று தெரியும். கிளீட் அந்தக் கோணத்தை எதிர்த்துப் பாதத்தை முறுக்கினால், தண்டனை முழங்காலுக்குத்தான். கிளீட்டின் நிறத்தையும் பாருங்கள். ஷிமானோவின் ரோடு கிளீட்டில் மஞ்சள் 6 டிகிரி, நீலம் 2 டிகிரி அசைய விடும், சிவப்பு அசையவே விடாது. லுக் நிறுவனத்தின் கியோ கிளீட்டில் கருப்பு அசையாது, சாம்பல் 4.5 டிகிரி, சிவப்பு 9 டிகிரி. ஒரே சிவப்பு, இரண்டு நிறுவனங்களில் நேரெதிர் பொருள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவுடன் வலி தொடங்கியிருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

போல்ட்டைத் திருகுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளும் உண்டு. கனமான கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று என்று அழுத்தி ஏறுகிறீர்களா? இலகுவான கியருக்கு மாறி 80, 90 சுற்று என்று மிதித்துப் பாருங்கள். ஒவ்வொரு மிதியிலும் மூட்டின் மேல் விழும் அழுத்தம் உடனே குறையும். சமீபத்தில் தூரத்தைத் திடீரென்று கூட்டினீர்களா? நுரையீரலும் தசையும் சீக்கிரம் பழகிவிடும், தசைநாண்களுக்கு நாளாகும். வீக்கமோ, மூட்டு பூட்டிக்கொள்வதோ, நடக்கும்போதும் வலியோ இருந்தால் சைக்கிளைச் சரிசெய்துகொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

விரல்கள் மரத்துப்போகின்றன

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடும் உல்னார் நரம்பு நசுங்குகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டின் நடுவே வரும் மீடியன் நரம்பு. கையுறையையும் ஹேண்டில்பார் டேப்பையும் தடிமனாக்குவது பலருக்கும் முதலில் தோன்றும் மருந்து. கொஞ்சம் உதவும், ஆனால் கேள்வி அதுவல்ல: கையில் இவ்வளவு பாரம் ஏன் விழுகிறது? பெரும்பாலும் சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கும், உடம்பு முன்னால் வழுக்கும், அந்த வழுக்கலைக் கைகள் தாங்கிக்கொண்டிருக்கும். சீட்டைச் சமமாக்கிப் பாருங்கள். அது சரியாக இருந்தால் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மின் நீளமோ தாழ்வோ அதிகம். ஸ்டெம்முக்கு அடியில் ஸ்பேசர் வளையம் ஒன்றைக் கூட்டிப் பார்க்கலாம்.

முழங்கையைக் கொஞ்சம் மடக்கி வைப்பதும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிடியை மாற்றுவதும் எல்லோருக்கும் தேவை. கழுத்து வலிக்கும் இதே வழிதான்: கை நீட்டல் அதிகமானால் தோள் தூக்கிக்கொள்ளும், தலையை நிமிர்த்திப் பார்க்கக் கழுத்து மடங்கும்.

உட்காரும் இடத்தில் வலி, மரத்தல்

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். உட்காரும் எலும்புகளில் வலி என்றால் பழக்கம் போதவில்லை, அல்லது சீட் அகலம் பொருந்தவில்லை. மெத்தென்ற சீட் தீர்வு அல்ல. எலும்பு அதில் புதைந்து, நடுப்பகுதி மேலெழுந்து, மென்மையான இடத்தை அழுத்தும். ஓர் அட்டைப்பெட்டியின் நெளி அட்டையைக் கடினமான நாற்காலியில் போட்டு உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளங்கள் விழும். அவற்றின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம்தான் அகலம் தேர்ந்தெடுக்க வழிகாட்டி.

மரத்துப்போவது வேறு விஷயம். நரம்பும் ரத்தநாளமும் நசுங்குவதால் வருகிறது, அதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டக்கூடாது. சீட் உயரத்தைச் சரிபாருங்கள், மூக்கை 1 அல்லது 2 டிகிரி மட்டும் இறக்குங்கள், நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டை முயலுங்கள், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள். இறங்கிய பிறகும் மரத்தல் நீடித்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தோல் உரசிப் புண்ணாவதற்கு: பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடாதீர்கள், வீட்டுக்கு வந்தவுடன் ஷார்ட்ஸைக் கழற்றிக் குளித்துவிடுங்கள்.

மிதிக்கும்போது டக் டக்கென்று சத்தம்

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். சத்தத்தைத் துரத்தும்போது கற்றுக்கொள்வதுபோல சைக்கிளை வேறெப்படியும் கற்றுக்கொள்ள முடியாது. கருவிகளை எடுக்காதீர்கள், முதலில் ஓட்டியபடியே கேளுங்கள்.

மிதிப்பதை நிறுத்தி உருள விடுங்கள். சத்தம் தொடர்ந்தால் அது சக்கரத்தைச் சேர்ந்தது: ஸ்போக், வால்வின் திருகு வளையம், பிரேக்கில் உரசும் ரோட்டார் (டிஸ்க் பிரேக்கின் வட்டத் தகடு), டயரில் குத்தி நிற்கும் கல். சத்தம் நின்றால் எழுந்து நின்று மிதியுங்கள். எழுந்து நின்றால் கேட்கவில்லை, உட்கார்ந்தால் கேட்கிறது என்றால் சீட்டும் சீட்போஸ்ட்டும். நின்று, ஹேண்டிலை இழுத்து மிதிக்கும்போது மட்டும் என்றால் ஸ்டெம், ஹேண்டில்பார், ஹெட்செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்).

இரண்டு நிலையிலும் கேட்டால் எண்ணத் தொடங்குங்கள். ஒரு சுற்றுக்கு ஒருமுறை, அதே இடத்தில் கேட்டால் பெடல், கிளீட், கிராங்க், செயின்ரிங் (முன் பல்சக்கரம்) போல்ட், கிராங்க் சுழலும் பேரிங்கான பாட்டம் பிராக்கெட் இவற்றில் ஒன்று. ஒரு காலைக் கிளிப்பிலிருந்து கழற்றிவிட்டு மற்றக் காலால் மட்டும் மிதித்தால் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். இரண்டு சுற்றுக்குச் சற்று மேல் ஒருமுறை வந்தால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. சுமார் 110 கண்ணிகள் கொண்ட செயின் 50 பல் செயின்ரிங்கில் ஒருமுறை முழுதாகச் சுற்றிவர 2.2 சுற்று ஆகும், கணக்கு அங்கேயிருந்து வருகிறது.

இப்போது கருவி. எளிதானதிலிருந்து தொடங்குங்கள்: சக்கர அச்சைக் கழற்றித் துடைத்து மெல்லிய கிரீஸ் பூசி இறுக்குங்கள். கிளீட் போல்ட்டுகள் இறுகியிருக்கின்றனவா பாருங்கள். பெடலைக் கழற்றி மரையில் கிரீஸ் பூசுங்கள். இடது பெடலின் மரை தலைகீழ், கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். சீட்போஸ்ட்டை வெளியே எடுத்து உள்ளே சேர்ந்த மண்ணைத் துடையுங்கள். அலுமினியப் போஸ்ட்டும் அலுமினியச் சட்டமும் (ஃபிரேம்) என்றால் கிரீஸ். இரண்டில் ஒன்று கார்பன் என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்றே விற்கும் கார்பன் பேஸ்ட் மட்டும். மணல்போன்ற துகள் கலந்த அந்தப் பேஸ்ட் குறைந்த இறுக்கத்திலேயே நழுவாமல் பிடிக்கும். இறுக்க அளவு அந்தந்தப் பாகத்திலேயே நியூட்டன் மீட்டரில் அச்சிட்டிருக்கும், ஸ்டெம் போல்ட் என்றால் பெரும்பாலும் 5 சுற்றுவட்டாரத்தில். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கார்பனில் கை வைக்காதீர்கள்.

பாட்டம் பிராக்கெட் கடைசி. எல்லோரும் முதலில் சந்தேகிப்பது அதைத்தான், ஆனால் அதைக் கழற்ற வேலையும் சிறப்புக் கருவியும் வேண்டும். சட்டம் உள்ளீடற்ற குழாய், சத்தம் அதன் வழியே பயணம் செய்து வேறிடத்தில் ஒலிக்கும். கேட்ட இடத்தை மட்டும் நம்பி அதைக் கழற்றாதீர்கள். மரையில்லாமல் அழுத்திச் செருகும் வகை பாட்டம் பிராக்கெட் உங்களுடையது என்றால் மட்டும் சந்தேகத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நியாயம் உண்டு.

கியர் தயங்குகிறது, தானாகத் தாவுகிறது

பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்ந்திருக்கிறது. செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பின் டிரெயிலியரில் கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் உருளைத் திருகை, பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகார எதிர்த்திசையில் கால் சுற்று திருப்புங்கள். சிறிய பல்லுக்கு இறங்கத் தயங்கினால் எதிர்ப்பக்கம் கால் சுற்று. அப்படியும் இறங்கவில்லை என்றால் கேபிள் உறைக்குள் அழுக்கோ துருவோ பிடித்திருக்கும், திருகி பயனில்லை, மாற்றிவிடுங்கள். எல்லைத் திருகுகளைத் தேவையில்லாமல் தொடாதீர்கள். செயின் இரண்டு ஓரங்களைத் தாண்டிப் போகாமல் தடுப்பதுதான் அவற்றின் வேலை, நடுக் கியர்களுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

ஒரு பக்கம் சரிசெய்தால் மறுபக்கம் கெடுகிறதா? வண்டி வலப்பக்கமாக விழுந்ததா என்று யோசியுங்கள். டிரெயிலியரைத் தாங்கும் ஹேங்கர் சட்டத்தைக் காப்பாற்றுவதற்காகவே மென்மையாகச் செய்யப்பட்டது, லேசான அடியிலேயே வளையும். அதை நேராக்காமல் கியரைச் சரிசெய்ய முடியாது.

அழுத்தி மிதிக்கும்போது செயின் தாவுகிறது என்றால் தேய்மானம். புதுச் செயினில் 24 கண்ணிகளின் நீளம் 304.8 மி.மீ. இருக்கும். 11, 12 கியர் கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுப்பு) என்றால் அது 0.5 சதவீதம் நீண்டவுடன், அதாவது 306.3 மி.மீ. ஆனவுடன் செயினை மாற்றுங்கள். 10 கியர் வரை 0.75 சதவீதம் பொறுக்கலாம். தாமதித்தால் நீண்ட செயின் கேசட்டின் பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும், பிறகு புதுச் செயின் போட்டால்தான் தாவவே ஆரம்பிக்கும். தேய்ந்த செயினை நேரத்தோடு மாற்றுகிறவருக்கு ஒரே கேசட் பல செயின்கள் வரை உழைக்கும்.

டிஸ்க் பிரேக் கத்துகிறது, உரசுகிறது

மழையில் கத்துவது இயல்பு, காய்ந்தால் நின்றுவிடும். வெயிலிலும் கத்தி, பிடிப்பும் குறைந்தால் எண்ணெய் பட்டிருக்கிறது. செயினுக்கு ஸ்ப்ரே அடிப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். சொட்டுச் சொட்டாக விடும் எண்ணெய்தான் நல்லது. ரோட்டாரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். எண்ணெய் உறிஞ்சிய பிரேக் பேடைத் தேய்த்தும் சூடாக்கியும் காப்பாற்றச் சொல்லும் வழிகள் உண்டு. பிரேக் விஷயத்தில் எனக்கு அதில் உடன்பாடில்லை, புது பேட் போடுங்கள். போட்ட பிறகு ஆளில்லாத சமதளத்தில் மிதமான வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரம் பூட்டாமல், இருபது தடவையாவது பிடித்து விடுங்கள். பேடின் மெல்லிய படலம் ரோட்டாரில் படிந்த பிறகுதான் முழுப் பிடிப்பு வரும்.

சீராக உரசினால் பேடுகளைத் தாங்கும் காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளையும் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடி மாறி மாறி இறுக்குங்கள். சுற்றுக்கு ஒருமுறை மட்டும் உரசினால் ரோட்டார் வளைந்திருக்கிறது. லீவர் பஞ்சுபோல் கைப்பிடி வரை வந்தால் குழாயில் காற்று. சில பிரேக்குகளுக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு டாட் (DOT) என்ற பிரேக் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும்.

அடிக்கடி பஞ்சர்

டியூபைத் தூக்கி எறிவதற்கு முன் ஓட்டையைப் படியுங்கள். அருகருகே இரண்டு வெட்டு இருந்தால் காற்றுக் குறைவு: பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது. உள்வளையப் பக்கம் ஓட்டை என்றால் ரிம் டேப் விலகியிருக்கிறது. வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள்ளோ கண்ணாடியோ கம்பியோ. அது இன்னும் டயரில்தான் இருக்கும். டயரின் பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேராக வரும்படி எப்போதும் மாட்டுங்கள். ஓட்டைக்கும் வால்வுக்கும் உள்ள தூரத்தை வைத்து டயரில் தேட வேண்டிய இடம் உடனே கிடைத்துவிடும்.

காற்று அளவுக்கு, 70 கிலோ எடையும் 28 மி.மீ. டயரும் என்றால் 65 முதல் 75 பிஎஸ்ஐ வரை நல்ல தொடக்கம், முன்சக்கரத்துக்குச் சற்றுக் குறைவாக. கல்லாட்டம் காற்றடித்தால் வேகம் வரும் என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிடுங்கள். சொரசொரப்பான சாலையில் அது குலுக்கலாகவே வீணாகும். டயரைப் பிடிக்கும் விளிம்புக் கொக்கியில்லாத ரிம் என்றால் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ, தாண்டக் கூடாத எல்லை. டயரிலும் ரிம்மிலும் இதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அந்தக் குறைவான எண்தான் கணக்கு.

நடுவழியில் சக்தி சட்டென்று தீர்கிறது

கால் காலியாகி, தலை சுற்றி, எரிச்சல் வந்தால் அது மனத்தளர்ச்சி அல்ல, உடம்பில் சேமித்த மாவுச்சத்தான கிளைகோஜன் தீர்ந்துவிட்டது. கடுமையாக ஓட்டினால் அந்தச் சேமிப்பு ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடும். வந்தபின் மீட்பது கடினம், அதனால் பசிக்கு முன்பே, முதல் அரை மணியிலிருந்தே, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட, வேகமான ஓட்டத்துக்கு 90 வரை போகலாம், ஆனால் குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராம் அளவில்தான் உறிஞ்சும். ஃபிரக்டோஸ் சேர்ந்தால் அது வேறு வழியாக நுழையும். வயிற்றையும் படிப்படியாகத்தான் பழக்க வேண்டும்.

தண்ணீருக்கு, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் குடித்தது போக ஏறக்குறைய ஒரு லிட்டர் பாக்கி. எடை கூடியிருந்தால் அதுவும் ஆபத்து. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும்.

எவ்வளவு ஓட்டினாலும் வேகம் கூடவில்லை

காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப்படி உயரும். மணிக்கு 30 கி.மீ.யிலிருந்து 33க்குப் போவது 10 சதவீத வேகம், ஆனால் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய ஆற்றல் 33 சதவீதம் கூடுதல். ஆகவே மீட்டரில் எண் நகரவில்லை என்பதால் உடம்பு முன்னேறவில்லை என்று ஆகாது. முழங்கையை மடக்கித் தாழ்வதும், படபடக்காத சட்டையும் உடனே பலன் தருபவை.

உடம்பும் நகரவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் ஒரே மாதிரி ஓட்டுவது: எல்லா நாளும் நடுத்தரக் கடுமை. இளைப்பாறும் அளவுக்கு லேசாகவும் இல்லை, உடம்பை மாற்றும் அளவுக்குக் கடினமாகவும் இல்லை. உடற்பயிற்சி அறிவியலாளர் ஸ்டீபன் செய்லர் தேர்ந்த வீரர்களின் பயிற்சியைக் கவனித்தபோது சுமார் 80 சதவீத அமர்வுகள் லேசானவையாகவே இருந்தன. முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஓட்ட முடிந்தால் அது லேசு. வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் நிஜமாகக் கடினமாக ஓட்டுங்கள். காலை நாடித்துடிப்பு வழக்கத்தைவிட உயர்ந்தும், தூக்கம் கெட்டும், சைக்கிளைப் பார்க்கவே பிடிக்காமலும் இருந்தால் தேவை ஓய்வு. அந்த வாரத்தை விட்டுவிடுங்கள், எதுவும் போய்விடாது.

இறக்கத்தில் முன்பக்கம் நடுங்குகிறது

அந்த நொடியில்: இரண்டு முழங்கால்களாலும் மேல் குழாயை இறுக்கிப் பிடியுங்கள், கைப்பிடியைத் தளர்த்துங்கள், மெதுவாக வேகத்தைக் குறையுங்கள். ஹேண்டிலை இறுக்கினால் நடுக்கம் கூடும். வீட்டுக்கு வந்ததும் முன்பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டி ஹெட்செட்டில் தளர்ச்சி இருக்கிறதா பாருங்கள். சக்கர அச்சு, டயர், ஸ்போக் இறுக்கம் மூன்றையும் சோதியுங்கள். எதிலும் குறை இல்லை என்றால், குளிரிலோ பயத்திலோ உடம்பு விறைத்திருந்ததும் காரணமாக இருக்கலாம்.

விழுந்து எழுந்த பிறகு

முதலில் நீங்கள், பிறகு சைக்கிள். தலைவலி, குமட்டல், குழப்பம் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள், உடனே சிகிச்சைக்குப் போங்கள். சைக்கிளில் ஹேண்டில் நேராக இருக்கிறதா, சக்கரம் தடங்கலின்றிச் சுற்றுகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஹேங்கர் வளைந்திருந்தால் மிகப் பெரிய பல்லுக்கு மாற்றாதீர்கள், டிரெயிலியர் ஸ்போக்கில் சிக்கி எல்லாவற்றையும் பிய்த்துவிடும். கார்பனில் பெயின்ட் கீறலா விரிசலா என்று கண்ணால் முடிவு செய்ய முடியாவிட்டால், தெரிந்தவர் பார்க்கும்வரை ஓட்டாதீர்கள். ஹெல்மெட் எதிலாவது மோதியிருந்தால், வெளியே ஒரு கோடுகூடத் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கிக் காப்பாற்றத்தான் செய்யப்பட்டது.